வடாமின் முதுகில் கோடுகள்

"திருடி யாருன்னு எங்களுக்கே தெரியும், மிஸ்டர் ஜம்புநாதன். நீங்க ப்ரூஃப் மட்டும் குடுத்தா போறும்" என்றார் பத்மநாபன்.

துப்பறியும் தொழிலில் இதைவிடச் சொகுசான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். குற்றவாளியையும் அவரே தந்துவிடுகிறார், கூடவே டிகிரி காபியும் தருகிறார். நான் சோபாவில் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டேன்.

ஜம்புநாதன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கடைகளையும் தொலைந்துபோன நகைகளையும் விசாரித்துத் தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் வாங்கி, எடிசன் நகரில் தனியாகத் துப்பறிகிறார். நான் கோபாலசாமி. சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்து, லே-ஆஃப் ஆகி, இப்போது அவருடைய உதவியாளன். அதாவது, கார் ஓட்டுகிறேன். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்த உத்தியோகத்துக்கு எனக்கு எல்லாத் தகுதியும் உண்டென்று ஜம்புநாதன் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் நம்பவில்லை.

"முதல்ல என்ன காணாமப் போச்சுன்னு சொல்லுங்க" என்றார் ஜம்புநாதன்.

"சைன் போர்டு. எங்க கமிட்டி சைன். ராத்திரி இருக்கு, கார்த்தால இல்ல."

அந்தப் பலகைகளை வரும் வழியிலேயே பார்த்திருந்தோம். வெஸ்ட் வின்ட்சரைத் தாண்டி இருக்கும் சின்ன ஊர் இது. அதில் ஃபாக்ஸ் ஹாலோ என்ற குடியிருப்பு. நரியும் கிடையாது, பள்ளமும் கிடையாது. எல்லாம் இரண்டு கார் கராஜ் வைத்த தனி வீடுகள். இந்த மாநிலத்தில் ஒவ்வோர் ஊரும் வருமானம் குறைந்தவர்கள் வாங்கக்கூடிய, வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடுகளுக்கு இடம் ஒதுக்கியே தீர வேண்டும் என்பது சட்டம். ஊர் நிர்வாகம் தேடிப் பார்த்து, ஃபாக்ஸ் ஹாலோவின் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஆபீஸ் பார்க்கைக் கை காட்டியது. ஆபீஸ் நிலம் என்றிருப்பதைக் குடியிருப்பு நிலம் என்று மாற்ற வேண்டும். அதற்கு வியாழக்கிழமை பிளானிங் போர்டின் பொது விசாரணை.

அறிவிப்பு வந்ததும் அதை எதிர்க்க ஒரு கமிட்டி கிளம்பியது; அன்றிலிருந்து ஃபாக்ஸ் ஹாலோவில் புல்லைவிடப் பலகைதான் அதிகமாக முளைத்தது. 'பள்ளிக்கூடத்தைக் காப்பாற்று' என்றது ஒன்று. 'டிராஃபிக் தாங்காது' என்றது இன்னொன்று. 'ஏழை வேண்டாம்' என்று எந்தப் பலகையிலும் இல்லை. எல்லோரும் படித்தவர்கள்.

"நாங்க ஒண்ணும் அந்த ஹவுசிங்குக்கு அகெய்ன்ஸ்ட் இல்ல. இந்த எடம் சரியில்லைங்கறோம், அவ்வளவுதான்" என்றார் பத்மநாபன்.

"எந்த எடம் சரி?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் பக்கம் போடலாமே."

"அங்க இருக்கறவங்க என்ன சொல்றாங்க?"

"இங்க போடச் சொல்றா. சுயநலம்."

காபி எனக்குப் புரையேறியது. ஜம்புநாதன் என்னைப் பார்க்காமலேயே என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "திருடி யாருன்னீங்களே?" என்றார்.

பத்மநாபன் போனை நீட்டினார். வாசல் மணியோடு சேர்ந்த கேமராவில் பதிவானது. நடைபாதையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். சுடிதார், தோளில் பெரிய துணிப்பை. வந்தாள், போனாள். வேறொன்றும் நடக்கவில்லை.

"நன்னா பார்த்தேளா? நடக்கறா."

"நடந்தா?"

"இந்த ஊர்ல யார் சார் நடக்கறா? வாக்கிங் போறவான்னா டிராக் பேண்ட் போட்டுண்டு, கையை வீசிண்டு போவா. இவ பையோட நடக்கறா. பேர் வான்மதி. டேகேர்ல வேலை. போன மாசம் கிளப்ஹவுஸ் மீட்டிங்ல எழுந்து, அந்த வீடு வந்தா நானும் அப்ளை பண்ணுவேன்னு சொன்னா. அன்னிலேர்ந்துதான் பலகை காணாமப் போறது."

"எங்க இருக்காங்க?"

"இங்கேயேதான். நம்ம நஞ்சுண்டன் ஆத்து பேஸ்மென்ட்ல வாடகைக்கு. இரக்கப்பட்டு எடம் குடுத்தார், பாவம். சைனுக்கெல்லாம் இன்சார்ஜும் அவர்தான். இவ எடுக்க எடுக்க அவர் போய்ப் புதுசு வெச்சுண்டே இருக்கார். வியாழக்கிழமை ஹியரிங்ல, அவா பக்கம் எப்பேர்ப்பட்ட ஆளுங்கன்னு நான் எடுத்துச் சொல்லணும். அதுக்குத்தான் உங்க ரிப்போர்ட்."

வெளியே போய் அவருடைய புல்வெளியைப் பார்த்தோம். ஏணி வடிவ இரும்புக் கம்பி மட்டும் தரையில் நின்றது. பலகையை மேலே உருவி எடுத்திருந்தார்கள்.

"கோபு, உனக்கு இந்தப் பலகை மேல கோபம்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

"கம்பியோட பிடுங்கிக் குப்பைல போடுவேன் சார்."

"இங்க கம்பி அப்படியே நிக்குது. ஆட்டம்கூடக் காணலை." இப்படிப் பாதியில் நிறுத்துவதற்கென்றே அவருக்கு வாய் அமைந்திருக்கிறது.

புறப்படும்போது ராஜலக்ஷ்மி ஆண்ட்டி, அதாவது திருமதி பத்மநாபன், ஜிப்லாக் பை நிறைய ஜவ்வரிசி வடாமை என் கையில் திணித்தார். "கொழம்புக்குத் தொட்டுக்கோங்கோ. ஆத்துலயே போட்டது."

"நீங்களே போட்டதா ஆண்ட்டி?"

"பின்னே?" என்று சிரித்தார். பத்மநாபன் முகத்தில் ஒரு பெருமிதம். ஊரே கடையில் வாங்கித் தின்னும்போது வீட்டில் வடாம் போடும் மனைவி வாய்த்தவரின் பெருமிதம் அது.

வான்மதி குடியிருந்த பேஸ்மென்ட்டுக்கு வீட்டின் பக்கவாட்டில் புல்லில் இறங்கிப் போக வேண்டும். நஞ்சுண்டன் வழிகாட்டினார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மெல்லிய குரல்.

"நான் அந்தப் புள்ளைய சந்தேகமே படலீங்க. ஆனா கமிட்டில கேக்கோணுமுங்களே. வீட்ட விட்டு அனுப்புன்னு என்னயப் போட்டுப் படுத்தறாங்க. நானும் சொல்லிப்போட்டேன், கண்ணு, எடிசன்ல உங்க சித்தி பொண்ணு இருக்குதில்ல, வியாழக்கிழமைக்குள்ள அங்க போயிரு, உம் மானத்துக்குத்தான் சொல்றேன்னு."

"வியாழக்கிழமைக்குள்ளயா?" என்றார் ஜம்புநாதன்.

"ஆமாங்க. அன்னிக்கு ஊரே கூடும். அந்தப் புள்ளைய எல்லாரு முன்னாடியும் திருடீம்பாங்க. எதுக்குங்க அது?"

உள்ளே ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் மகளின் படிப்பு மேஜை. உத்தரத்துக்கு அடியில் ஒரே ஒரு குறுகிய ஜன்னல், திறந்திருந்தது. அதன் வழியாக வீட்டுப் பின்புற மரத்தளத்தின் கால்களும் கொஞ்சம் வெளிச்சமும் தெரிந்தன. பகலிலேயே விளக்கெரிந்தது. நஞ்சுண்டன் மேலே போனதும் வான்மதி பேசத் தொடங்கினாள்.

"சார், நான் எடுக்கல. எடுத்தா எங்க சார் வெப்பேன்? இந்த ரூமப் பாருங்க. சூட்கேஸ் வெக்கவே எடமில்ல, அது மேலதான் தீக்ஷா தூங்குது."

"பை?"

அவள் பையைக் கவிழ்த்தாள். டேகேர் குழந்தைகளின் ஈரத் துணிகள், டிபன் பாக்ஸ், ஒரு குடை. "அங்க வாஷிங் மெஷின் ரிப்பேர். நான் எடுத்துட்டு வந்து தோய்ச்சுக் குடுக்கறேன்."

மேஜையிலிருந்த தீக்ஷா தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கம்மா கடையில் சும்மா தரும் சாம்பிளைக்கூட எடுக்க மாட்டாள். வெட்கம்."

"எடிசனுக்குப் போறதா உத்தேசமா?" என்று கேட்டார் ஜம்புநாதன்.

"போனா இவ ஸ்கூல் மாறணும் சார். பதினொண்ணாவதுக்குப் போறா. எனக்கும் வேலை போயிரும், நடந்து போற தூரத்துல இருக்கறதாலதான் அந்த வேலை. எங்கிட்ட கார் இல்ல. வீட்டுக்காரரு இந்தியாவுக்குப் போனவரு போனவர்தான்." அவள் சிரிக்க முயன்றாள். "இந்த ஊர்ல வேற வாடகை வீடே இல்ல சார். இருக்கறது எல்லாம் வாங்கற வீடு. நஞ்சுண்டண்ணன் நல்லவரு. ஊரே திருடின்னப்ப அவருதான் டீ போட்டுக் குடுத்து ஆறுதல் சொன்னாரு. அவருக்கும் எவ்ளோ பிரஷரோ."

காரில் ஏறியதும் எனக்குப் பசித்தது. மனசு கஷ்டப்பட்டால் எனக்குப் பசிக்கும். மனசு கஷ்டப்படாவிட்டாலும் பசிக்கும். ஜிப்லாக்கைப் பிரித்து ஒரு வடாமைப் பொரிக்காமலே வாயில் போட்டு ஊறவைத்தேன்.

"சார், ஆண்ட்டி உப்பு சரியாப் போட்டிருக்காங்க. ஆனா நாக்குல வரி வரியா என்னமோ உறுத்துது. சீப்பை நக்கற மாதிரி இருக்கு."

"சீப்பை நக்கியிருக்கியா?"

"ஒரு உவமைதான் சார்."

"எடு அதை வெளியில."

"வாயில போட்டதையா?"

"வேற ஒண்ணு எடுய்யா!"

அவர் ஒரு வடாமைத் திருப்பி வெயிலில் பிடித்தார். மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக வழக்கமான ஜவ்வரிசி. அடிப்பக்கம் மட்டும் நேர் நேராக, நெருக்கமாக மெல்லிய கோடுகள்.

"எங்க அம்மா வேட்டில போடுவாங்க. அடியில துணியோட நெசவு விழும், குறுக்கும் நெடுக்குமா. பிளாஸ்டிக் ஷீட்ல போட்டா வழவழன்னு இருக்கும். இது நெடுக்கு மட்டும். கோபு, வண்டியை நிறுத்து."

நிறுத்தினேன். அவர் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் புல்வெளியில் குந்தி, 'டிராஃபிக் தாங்காது' பலகையின் மேல் வடாமை ஒட்டிவைத்துப் பார்த்தார். அந்தப் பலகைகள் பிளாஸ்டிக்கில் செய்தவை. அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே வரிசையாகக் குழாய் ஓடும். வெளியே அதன் வரிகள் தெரியும். வடாமின் வரியும் பலகையின் வரியும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின.

"கேன் ஐ ஹெல்ப் யூ?" என்றது வாசல் மணி, ஒரு பெண் குரலில்.

"நோ தேங்க்யூ மேடம், வடாம் சரியாக் காஞ்சிருக்கான்னு பாக்கறோம்" என்று நான் தமிழிலேயே சொன்னேன். வாசல் மணி யோசனையில் ஆழ்ந்தது.

காரில் நான் துள்ளினேன். "புரிஞ்சு போச்சு சார்! பத்மநாபன் தன் பலகையைத் தானே திருடியிருக்கார். பழியை அந்தம்மா மேல போட்டா ஹியரிங்ல அனுதாபம் கிடைக்கும். ஒளிச்சு வெச்ச பலகைல, விஷயம் தெரியாம ஆண்ட்டி வடாம் போட்டுட்டாங்க!"

"அப்படித்தான் தோணுது" என்றார் ஜம்புநாதன். வாழ்நாளில் முதல் தடவையாக அவரும் நானும் ஒரே விடைக்கு வந்திருந்தோம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பிப் போய்க் கேட்டதும் பத்மநாபன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "என் பலகையை நானே திருடினேனா? என்ன பேசறேள்?"

"வடாம் உங்க வீட்டுது சார். இதோட அடியில இருக்கறது உங்க பலகையோட ரேகை. மேடம், எதுல போட்டீங்க?"

ராஜலக்ஷ்மி ஆண்ட்டி புடவைத் தலைப்பைத் திருகினார். கணவரைப் பார்த்தார். வடாமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதைப் போல.

"நான் போடலை."

"என்னது?"

"சாந்தி குடுத்தா. நஞ்சுண்டன் ஒய்ஃப். எனக்கு எங்கேன்னா டைம்? ஆத்துல போட்டதுன்னுதான் சொன்னேன். எந்த ஆத்துலன்னு யாரும் கேக்கலை."

"நான் கேட்டேனே ஆண்ட்டி" என்றேன். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பத்மநாபனுக்குத் திருட்டே மறந்துவிட்டது. "போன வருஷத்து வடாம்?"

"அதுவும் சாந்திதான்."

"மாவடு?"

"அது இப்போ வேண்டாமே, விடுங்கோ."

மனிதர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவரை அந்தத் துக்கத்தில் தனியாக விட்டுவிட்டு, ஜம்புநாதன் அவருடைய போனை எடுத்துக் கேமராப் பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எதிர்முனை வீட்டின் முன் நஞ்சுண்டனின் வண்டி நின்றது. இறங்கிப் போனார். கக்கத்தில் பலகையோடு திரும்பி வந்தார்.

"இதை நீங்க பாக்கலையா?"

"நஞ்சுண்டன்தானே? சைன் மாத்தறார். அவர் வந்தா ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணிடுவோம். நாங்க தேடினது அவளை."

"மாத்தறவர் கையில ஒண்ணு போகணும், ஒண்ணு வரணும். போறப்ப கை காலி, பாருங்க. அந்தக் கம்பி ஏன் நின்னுதுன்னு இப்பத்தான் புரியுது. மறுநாள் திரும்ப வந்து அதுலயே புதுசை மாட்டணுமே. ரெண்டு தடவை சுத்தியல் தூக்க யாருக்கு ஆசை?"

பத்மநாபன் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

"மிஸ்டர் ஜம்புநாதன், இது வியாழக்கிழமை முடியற வரைக்கும் வெளில போக வேண்டாம்."

"அந்தப் பொண்ணு எடுக்கலைன்னு தெரிஞ்சு போச்சே சார்."

"தெரியறது. ஆனா ஒரு தனி மனுஷிக்காக இத்தனை பேரோட உழைப்பையும் பாழ் பண்ண முடியுமா? அவ எப்படியும் எடிசன் போறாளாமே."

ஜம்புநாதன் எழுந்தார். "உங்க ரிப்போர்ட் வரும் சார். நீங்க கேட்ட பேர் அதுல இருக்காது."

நஞ்சுண்டன் வீட்டின் பின்புற மரத்தளத்தில், கைப்பிடிச் சுவரின் மறைவில் பலகைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஆங்கிலத்தில் 'காப்பாற்று' என்று எழுதியதன் மேல் வெள்ளை வெள்ளையாக வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சாந்தி முழு வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு கரண்டியால் கூழை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கராஜ்ல சும்மா கெடந்துச்சுங்க. இவருகிட்ட கேட்டா தேவைக்கு மேல எச்சா அடிச்சதுன்னாரு. நல்லாக் கழுவிப் போட்டா தாம்பாளமாட்டம் எவ்ளோ வசதிங்கறீங்க! டெக்ல எதையும் காயப்போடக் கூடாதுன்னு அசோசியேஷன்காரங்க வந்தாங்கன்னா அப்படியே தூக்கி உள்ள வெச்சுக்கலாம். உங்களுக்கும் ஒரு பை தரட்டுங்களா?"

அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து ஜம்புநாதனுக்கு விசாரிக்க மனம் வரவில்லை. "மொதல்ல குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமாம்மா?" என்றார். சாந்தி உள்ளே போன கையோடு நஞ்சுண்டன் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். மெல்லிய குரல் இன்னும் மெலிந்தது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியும். எங்களுக்கும் ஒண்ணு மட்டும்தான் தெரியாம இருந்துது. ஏன் வியாழக்கிழமைன்னு யோசிச்சேன்" என்றார் ஜம்புநாதன். "கிளப்ஹவுஸ்ல பேசின மாதிரி வான்மதி பிளானிங் போர்டுலயும் பேசினா, நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு ஒருத்தன் கேப்பான். ஒரே ஜன்னல், அதுல பூனைதான் வெளிய போக முடியும். தீப்பிடிச்சா அந்த ஒரு வாசலை விட்டா வழி கிடையாது. இப்படி ஒரு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட ஊர்ல அனுமதியே கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்து காலி பண்ண வெச்சா, ஆறு மாச வாடகையை நீங்க அவங்களுக்குக் குடுக்கணும், மேல ஃபைன். அவளாவே வெட்கப்பட்டுப் போயிட்டா எதுவும் இல்ல. போகச் சொன்ன கெட்ட பேர்கூட உங்களுக்கு இல்ல, கமிட்டிக்கு."

நஞ்சுண்டன் மரத்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் மார்ட்கேஜ் இருக்குதுங்க. வேலை இருக்குதா இல்லியான்னு வாராவாரம் ரெஸ்யூம் எடுத்துட்டு அலையறேன். நாங் கெட்டவன் இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு யாரு எடங் குடுத்தாங்க? அந்த வீடு வரோணும், ஏழைக்கு எடம் வேணும்னு பேசறாங்களே, அவங்க யாராச்சும் குடுத்தாங்களா? நாந்தான் குடுத்தேன்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் கசந்தது.

"நீங்க குடுத்தீங்கண்ணா" என்றது ஒரு குரல், எங்கள் காலுக்குக் கீழே இருந்து.

மரத்தளத்துக்கு அடியில்தான் அந்த ஒரே ஜன்னல். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பக்கவாட்டுப் புல்லில் ஏறி வான்மதி வந்து நின்றாள். கையில் ஈரம் சொட்டியது, துணி தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வெளிய போன்னு நேராச் சொல்லியிருந்தா எப்படியோ போயிருப்பேன்ணா. டீ போட்டுக் குடுத்துத் திருடியாக்குவீங்கன்னு நான் நெனக்கல."

"கண்ணு, தப்புத்தான்." நஞ்சுண்டன் எழுந்தார். "நீ எங்கியும் போக வேண்டாம். தீக்ஷா படிப்பு முடியற வரைக்கும் இங்கியே இரு. வியாழக்கிழமை மைக்ல நானே சொல்லிப்போடறேன், பலகைய நீ எடுக்கலைன்னு. பேஸ்மென்ட் பேச்சை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். நீயும் அங்க பேச வேண்டாம்."

வான்மதி ஜம்புநாதனைப் பார்த்தாள். "நீங்க சொன்ன அந்த ஆறு மாச வாடகை. அது தீந்தா, அப்புறம் சார்?"

"அப்புறம் எனக்குத் தெரியலைம்மா."

அவள் தலையசைத்தாள். அது சம்மதம்தான் என்பது நஞ்சுண்டன் விட்ட பெருமூச்சில் தெரிந்தது. சாந்தி மோரோடு வந்து, எல்லோரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நகராட்சி அரங்கில் உட்கார இடமில்லை. பத்மநாபன் கூட்டத்தினர் ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். ஜம்புநாதனும் நானும் வான்மதியின் வரிசையில் உட்கார்ந்தோம். அவர் ஓரத்தில், அடுத்து அவள், தீக்ஷா, நான்.

"சார், கேஸ் முடிஞ்சுது, பீஸும் வராது. நாம ஏன் வந்திருக்கோம்?" என்று கிசுகிசுத்தேன்.

"பாக்கறதுக்கு" என்றார்.

பேசுகிறவர்கள் மைக் முன் வந்து முதலில் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும். எழுத்தர் அம்மாள் பதிந்துகொள்வார், பிறகு மூன்று நிமிஷம். பத்மநாபன் பள்ளிக்கூட நெரிசல் பற்றிப் பேசினார். திருட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்து நஞ்சுண்டன் மைக்கைப் பிடித்து, பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பேசினார்.

"எங்கள் பலகைகள் காணாமல் போனதில் வான்மதி என்ற பெண்ணின் பெயர் அடிபட்டது. அவர் எடுக்கவில்லை. அவரை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். வான்மதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆனால் பேச்சு நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நேரம் பாக்கி இருக்கிறது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இன்னும் ஒன்று. அவர் தனியாக மகளை வளர்க்கிறார். பெரிய சம்பளம் கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் நிம்மதியாக இருக்கிறார். ஏன்? நாங்கள் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துக்கொள்கிறோம். கஷ்டப்படுகிறவர்களுக்கு இங்கே ஏற்கெனவே வீடு இருக்கிறது. அப்படியிருக்க, அந்தக் கட்டடங்கள் எதற்கு?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பத்மநாபன் எழுந்து நின்று தட்டினார். பலகை திருடியவரைக் கட்டிக்கொண்டு ராஜலக்ஷ்மி ஆண்ட்டியின் பக்கத்தில் உட்காரவைத்தார். திரும்பி வான்மதியைப் பார்த்துச் சிலர் அன்பாகச் சிரித்தார்கள். அவளைத் திருடி என்றவர்களும் அதில் இருந்தார்கள்.

தீக்ஷா தலைகுனிந்திருந்தாள். "நிம்மதியா இருக்கோமாம்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேறு யாராவது?" என்றார் போர்டின் தலைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

வான்மதி எழுந்தாள். நஞ்சுண்டன் அங்கிருந்தே கையால் வேண்டாம், வேண்டாம் என்றார். எனக்கும் அவளை உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது. அந்த ஜன்னலையும், பதினொன்றாம் வகுப்பையும், ஆறு மாதத்துக்கு அப்புறம் என்பதையும் நினைத்து, "சார், நிறுத்துங்க சார்" என்றேன். ஜம்புநாதன் காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்.

அவள் மைக் அருகே போய், அது உயரமாக இருந்ததால் எக்கி நின்றாள்.

"பெயரும் முகவரியும்?" என்றார் எழுத்தர்.

பெயரைச் சொன்னாள். கதவு எண்ணையும் தெருவையும் சொன்னாள். எழுத்தரின் விரல்கள் நின்றன. நஞ்சுண்டன் சொன்ன அதே முகவரி.

"அது தனி வீடாயிற்றே. உங்கள் யூனிட் நம்பர்?"

"நம்பர் கிடையாது, மேடம்" என்றாள் வான்மதி. "பேஸ்மென்ட்."